மஞ்சள் பெயிண்டில் ஒரு பிள்ளையார் சுழி

தம்பி,

இதை விரைவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புகிறேன். சாதாரணத் தபாலில் போட்டால் வந்து சேராது என்று நினைத்து அல்ல. வந்து சேர்ந்த பிறகு வரவில்லை என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நீ அப்படிச் சொல்கிறவன் இல்லை என்கிறாள் உன் அம்மா. இருக்கலாம். ஆனால் கார்த்திகைக் கடைசியிலிருந்து என் போனை எடுக்காமல், அம்மாவின் போனை மட்டும் மணி அடித்தவுடன் எடுக்கிற ஒருவனைப் பற்றி ஒரு தகப்பன் எதையும் உறுதியாக நம்பிவிட முடியாது. போனிலேயே எழுதி அனுப்பியிருக்கலாம். படித்தால் தெரிகிற அந்த நீல டிக்கை நீ அணைத்து வைத்திருக்கிறாய் என்று கண்டுபிடித்த பிறகு அந்த வழியை விட்டுவிட்டேன். பொங்கலுக்கும் நீ ஓசூரிலிருந்து வரவில்லை. பங்குனியில் உனக்குக் கல்யாணம். அல்லது, போன வாரம் வரை, பங்குனியில் உனக்குக் கல்யாணம் நடக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மரத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இரண்டையும் பிரித்து எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுவது நல்லது. பணி ஓய்வு பெறும் வரை பால் சங்கத்தில் பால் சோதித்தவன் நான். காலையும் மாலையும் ஒவ்வொரு கேனிலும் பால்மானியை விட்டு, அது மிதக்கிற உயரத்தையும் எதிரே நிற்கிறவர் முகத்தையும் பார்ப்பேன். முகத்தைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்ததெல்லாம் பால்மானிதான். ஆகவே முகம் எவ்வளவு நல்லதாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாகக் கருவியை விடுவது பழக்கமாகிவிட்டது. உன் தாய்மாமன் கொண்டுவந்த பாலை ஊர் பார்க்கத் திருப்பி அனுப்பியது நான்தான். "எங்கண்ணன் பாலையே திருப்பி அனுப்புன மனுசன்" என்று உன் அம்மா இன்றும் புதிதாக வந்தவர்களுக்கு என்னை அறிமுகம் செய்கிறாள். அந்தப் பாலில் தண்ணீர் இருந்ததை அவள் மறுத்ததே இல்லை. "இருந்தா என்னங்க, சொல்றதுக்கு ஒரு மொற இல்லியா?" என்பதுதான் அவள் கட்சி. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது உனக்கு சைக்கிள் வாங்கப் பாலக்கோடு போனோம். நான் ஒவ்வொரு குழாயையும் விரலால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எதிர்க் கடையின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்று, யாரோ எவரோ போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த சைக்கிள் நீ கல்லூரி போகும் வரை ஓடியது. தட்டிப் பார்த்ததால் ஓடியதா, தட்டாவிட்டாலும் ஓடியிருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

நீயும் சுகன்யாவும் ஓசூரில் ஏதோ ஓட்டலில் ஒரு மேசையைப் பார்த்தீர்கள். மரத்தை அறுத்த மேனிக்கு, ஓரத்தில் பட்டையோடு, கால் மட்டும் வைத்த மேசை. கல்யாணத்துக்கு நகையும் வேண்டாம், பீரோவும் வேண்டாம், இந்த மாதிரி ஒரு சாப்பாட்டு மேசை போதும் என்றீர்கள். பீரோ வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை சொன்னால் யாருக்குமே சந்தேகம் வரும், எனக்கு வந்தது. ஓரம் சீவாத பலகையில் சோறு தின்பது விறகுக் கடையில் பந்தி போட்ட மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். சுகன்யாவின் அப்பா முனிரத்தினம் சிரிக்கவில்லை. "எங்க தோப்புல ஒரு பழைய மாமரம் காய்ப்பு நின்னு போச்சுங்க சம்பந்தி. நல்ல பெருத்த மரம். அடிமரத்த அப்படியே எடுத்துக்கங்க" என்றார் உடனே. அந்த 'உடனே'தான் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே கேனைத் திறந்து காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அரூரிலேயே தெரிந்த சாமில் இருக்கிறது, அங்கேயே அறுத்து, பலகையாகவே அனுப்பிவிடுகிறேன் என்றார். அவருக்குத் தெரிந்த சாமில் என்றால் எனக்குத் தெரியாத சாமில் என்று பொருள். என் கண்ணெதிரே உள்ளே போகிற மரம் வேறாகவும், பிறகு வெளியே வருகிற பலகை வேறாகவும் இருக்க எத்தனை வழிகள் உண்டு என்று யோசித்தேன். ஒரு இரவு முழுக்க யோசிக்க வேண்டியிருந்தது. வைகாசியில் மரத்தை வெட்டியதும், வாடகைக்கு மினி லாரி பிடித்து, அடிமரத்தை முழுசாக மாரண்டஹள்ளிக்கே கொண்டுவந்துவிட்டேன். நீ அப்போது லீவில் வந்திருந்தாய். இறக்கும்போது கூடவே நின்றாய். இறக்கியவுடன் நான் என்ன செய்தேன் என்பதையும் பார்த்தாய். மரத்தின் இரண்டு முகத்திலும், வெட்டுவாய் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக, மஞ்சள் பெயிண்டில், அடிக்கோட்டோடு ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். "எதுக்குப்பா?" என்றாய். எந்த நல்ல காரியத்துக்கும் உ போட்டுத்தானே ஆரம்பிக்கிறோம் என்றேன். அது பொய். யாராவது மரத்தை மாற்றினால் தெரிந்துவிடும் என்பதற்காகப் போட்டது. பிள்ளையாரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அப்போதே இன்னொன்றையும் கவனித்து மனதில் குறித்துக்கொண்டேன். அடிப்பக்கம், பட்டையில், பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடாலி வெட்டு இருந்தது. தாரும் பூசியிருந்தது. குறையுள்ள மரத்தை மறைத்துக் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மரத்தை இறக்கியது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். அங்கேயே, அசைக்காமல் விட்டுவிட்டேன். மேலே தார்ப்பாய். தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கயிறு. கயிற்றின்மேல் சங்கிலி. சங்கிலி வேப்பமரத்தோடு பிணைத்துப் பூட்டு. "பொண்ணு வூட்டுலகூட இவ்வளவு காவல் போட மாட்டாங்க" என்றாள் உன் அம்மா. நான் தினமும் காலையில் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டு ஒருநாள்கூட ஏமாற்றவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூட்டு அப்படியே இருக்கும்போது எதற்குத் திறப்பது?

அடுத்து நம்பகமான சாமில் ஒன்று தேட வேண்டியிருந்தது. ஆடி போனது, ஆவணி போனது. ஒரு சாமில்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், அங்கே கொடுக்கவில்லை. இன்னொருவர் கூலியைக் கேட்காமலே குறைத்தார்; அங்கே எப்படிக் கொடுப்பது? தர்மபுரியில் ஒருவர், "மரத்த விட்டுட்டுப் போங்க, அறுத்து வெச்சிருக்கறன்" என்றார். அந்த வாக்கியத்தை முடிக்க விடாமல் பஸ் ஏறிவிட்டேன். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நம் மாவட்டத்தில் மழை எப்போதாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். போன வருஷம் என் மரத்துக்காகவே வந்த மாதிரி தங்கிவிட்டது. கார்த்திகையில் ராயக்கோட்டை சாலையில் ஒரு சாமிலைக் கண்டுபிடித்தேன். அந்த முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை, என் கேள்விக்கெல்லாம் "தெரியாது" என்றார். இவரை நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

அறுக்கிற அன்று நடந்தது உனக்குத் தெரியும். நீ அங்கேயே இருந்தாய். ஆனால் நீ கோபத்தில் பார்த்தாய். நான் நிதானத்தில் பார்த்தேன். யார் பார்த்தது சரி என்று பிறகு சொல்கிறேன். முனிரத்தினம் அழைக்காமலே அரூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். மரம் ரம்பத்துக்குப் போகும் முன், குனிந்து அதன் அடிப்பக்கத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். எதையோ மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முதல் பலகை விழுந்தது, நன்றாக இருந்தது. அடுத்தடுத்த பலகைகளில் ஒரு ஓரமாகச் சாம்பல் பூத்து, நடுவில் கறுப்புக் கோடு ஓடி, தொட்டால் ஊறிப்போன ரஸ்க் மாதிரி இருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஆமாம், கொண்டுபோயிருந்தேன். குத்தினேன், பாதி வரை இறங்கியது. அடுத்த பலகை. அதற்கடுத்தது. குத்திய ஒவ்வொரு முறையும் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன்.

"என்னங்க இது?" என்றேன்.

"மரந்தாங்க."

"வெளிய நல்லா இருந்துச்சு. உள்ள இப்படி. உங்களுக்குத் தெரியாதா?"

"மரத்துக்குள்ள போய்ப் பாத்துட்டா வளத்தன்?"

"தெரிஞ்சுதான் அவ்ளோ சீக்கிரம் குடுத்தீங்களா?"

அவர் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். பிறகு, "மரத்த மட்டுந்தான் குத்திப் பாக்கறீங்களா, எங்களயும் சேத்துக் குத்தறீங்களா?" என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "மண்டபம் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். பொண்ணு விசயத்த யோசிச்சுச் சொல்றோங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நீ அவர் பின்னால் ஓடினாய். திரும்பி வந்து என்னிடம், "நீங்களே குத்திக்கிட்டு இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அப்படியே ஓசூருக்குப் போனாய். சாமில் முதலாளி அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். நான் அவரையும் தப்பாக எடைபோட்டிருக்கிறேன்.

பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் சொன்னது சரி என்று உனக்கு நிரூபிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் எண்ணம். பலகைகளை வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்து, மரம் தோப்பிலேயே கெட்டுப்போனது என்று காட்டலாம் என்று இருந்தேன். அதற்கு முன், அந்தச் சிரிக்காத முதலாளி நடுவில் ஒரு பலகையை மாற்றியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். மாட்டுக் கொட்டகையில் செங்கல் வைத்து, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ரீப்பர் கட்டை கொடுத்து, அறுத்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். உன் அம்மா மறுமுனையைப் பிடித்தாள். அடுக்கி முடித்து முனைப்பக்கம் வந்து நின்றேன். ஒவ்வொரு பலகையின் முனையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு துண்டு இருந்தது. எல்லாம் சேர்ந்து என் பிள்ளையார் சுழி, வரி வரியாக, படுத்த வாக்கில் தெரிந்தது. ஒரு பலகைகூட மாறவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

தலையைச் சாய்த்து அதை நேராக்கிப் பார்த்தபோதுதான் மற்றதும் தெரிந்தது. உ-வின் தலைப்பக்கம் மரம் பொன் மாதிரி இருந்தது. நடுப்பக்கமும் அப்படியே. கெட்டுப்போனதெல்லாம் அடிக்கோட்டுக்குக் கீழே, ஒரே பக்கமாக, ஓரப் பலகைகள் தவிர எல்லாவற்றிலும் வரிசையாக இருந்தது. மறுமுனைக்குப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். மரம் இங்கே வந்து இறங்கிய பிறகு, அது எப்படிப் படுத்திருக்கிறதோ அப்படியே வைத்து, நேராக நான் போட்ட எழுத்து அது. அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தது முனிரத்தினத்தின் தோப்பு இல்லை. என் தொட்டித் தண்ணீர் வழிந்து ஊறிய மண். மேலே காற்றுப் புகாத தார்ப்பாய், கீழே ஈரம், நடுவில் ஐந்தாறு மாதம். மாமரத்துக்கு அதில் பாதியே போதும். பூஞ்சைக்கு நான் வீடு கட்டி, கூரை போட்டு, தண்ணீர் விட்டு, யாரும் தொந்தரவு செய்யாமல் பூட்டும் போட்டிருக்கிறேன்.

"என்னங்க, போட்டோ எடுக்கலியா?" என்றாள் உன் அம்மா.

"வெளிச்சம் பத்தல."

"மத்தியானத்துலயா?"

அவளிடம் சொல்லவில்லை. அவளே வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது.

இனி மேசை விஷயம். அந்தப் பலகைகளை விறகுக்குப் போடச் சொல்லி ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். விறகுக்குக் கேட்டவர்களே அதிகம் சொன்னார்கள். நான் போனில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் மரம் காய்ந்தே பிறக்கிறது. பலகையில் ஓட்டை இருந்தால் நீல நிறத்தில் ரெசின் என்ற பிசினை ஊற்றி, ஆறு ஓடுகிறது என்கிறார்கள். நம் பக்கத்துக்காரர்கள் ஆற்றிலேயே தண்ணீர் இருப்பதை நம்ப மாட்டார்கள். மேசையில் எப்படி நம்புவார்கள்? வீடியோக்களில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்ததைத் தள்ளிவிட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்டதையும் சந்தேகப்பட்டு, கையால் செய்து பார்த்து மிஞ்சியதைத்தான் உனக்கு எழுதுகிறேன். ஓசூரில் நீ வீடு பார்க்கும்போது கதவு ஜன்னலுக்கும் உதவும்.

முதலில், ஈரமாக இருக்கிற மரத்தில் எதையும் தொடாதே. கெட்டுப்போவது ஈரம் இருக்கும்வரைதான். காய்ந்துவிட்டால் அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பலகையில் தண்ணீர் இருப்பது இயற்கை. பாலிலும் இயற்கைதான் என்று பல பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் மரத்தில் அது தானாகப் போகும், நிழலில், காற்றில், நாம் அவசரப்படாமல் இருந்தால். அடுக்கின்மேல் பாரம் வைத்திருக்கிறேன், முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. தார்ப்பாய் போடவில்லை. அடுத்தது, குத்திப் பார்ப்பது. கறுப்புக் கோடும் சாம்பல் நிறமும் இருந்தாலும், முனை இறங்காமல் 'டக்' என்று கேட்கிற இடம் நல்ல மரம்தான். கோடு அழகுக்கு ஆச்சு. அழுத்தினால் கொஞ்சம் இறங்கி, நார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில், நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் போன்ற ரெசினை பிரஷ்ஷால் விடு. குடிக்கும், மறுபடி விடு, குடிப்பதை நிறுத்தும்வரை விடு. இறுகிவிடும். ஆனால் அந்த இடத்தில் மேசைக்காலின் ஸ்க்ரூவை ஏற்றாதே. பளு தாங்குகிற இடம் நல்ல மரமாகவே இருக்க வேண்டும். இறுகினதெல்லாம் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கையோடு பொடியாக வருகிற இடத்தில் இரக்கமே வேண்டாம். உளியால் நல்ல மரம் வரும்வரை தோண்டு, மூக்கில் துணி கட்டிக்கொள். பிறகு குழியை நிரப்பலாம், அல்லது அந்த ஓரத்தையே அறுத்துத் தள்ளிவிட்டு அகலம் குறைந்த மேசை செய்யலாம். எட்டுப் பேர் உட்கார நீங்கள் கேட்ட மேசையில் இனி ஆறு பேர் உட்காரலாம். மீதியில் ஒரு பெஞ்சு வரும், சுவர்ப் பலகை வரும். கெட்ட ஓரம் சுவரைப் பார்த்திருக்கட்டும்.

மனிதர்களும் இப்படித்தான் என்று எழுத இந்த இடத்தில் நல்ல வசதி இருக்கிறது. எழுத மாட்டேன். மரத்தைக் குத்தினால் அது பஸ் ஏறி அரூருக்குப் போய்விடாது.

நான்தான் பஸ் ஏறினேன். பொங்கல் கழிந்த பிறகு, ஒரு பலகையின் முனையில் ஒரு சாண் அறுத்தேன். ஒரு மூலையில் மஞ்சள் பெயிண்ட், எதிர் மூலையில் பொடி, நடுவில் நல்ல மரம். அதை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு போனேன். தர்மபுரியில் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "என்னங்க பெரியவரே, உள்ள என்ன?" என்றார். மரம் என்றேன். அவர் நம்பவில்லை, அவிழ்த்துக் காட்டச் சொன்னார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

முனிரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார். சாக்கைப் பார்த்தார்.

"இன்னும் குத்திப் பாக்கறதுக்குக் கொண்டாந்தீங்களா?"

"இல்லீங்க. நீங்க குத்தறதுக்கு."

உட்காரச் சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன், நாற்காலி வந்தது. மரத் துண்டை முற்றத்தில் வைத்து, தலையைச் சாய்க்கச் சொல்லாமல் நானே நேராக்கிக் காட்டினேன். இது மேல், இது கீழ், கீழே என் வீட்டு மண். மரம் நீங்கள் கொடுத்தபோது நன்றாக இருந்தது, கெடுத்தது நான். சாமிலில் பேசியது தப்பு. இவ்வளவையும் வழியெல்லாம் நீளமாகத் தயார் செய்திருந்தேன். சொல்லும்போது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க வெச்சிருந்தீங்க?"

"தொட்டி பக்கத்துல."

"அந்தத் தொட்டி நெரம்பி வழியுமே. நிச்சயம் பேச வந்தப்பவே பாத்தன்." மரத்தைக் கீழே வைத்தார். "சரி, நீங்க சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லிடறன். அடிப்பக்கம் மூணு வெட்டு இருந்துச்சே, தார் பூசி?"

"ஆமாங்க. குறை மரம்னு நெனச்சன்."

"நான் போட்டதுங்க. லாரி ஏத்தறதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அறுக்கறதுக்கு இங்க வேணாம், எங்கூருக்கே கொண்டு போறன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. இத வித்துட்டு வேற ஏதாச்சும் ஒண்ண அறுத்துப் பொண்ணுக்குக் குடுத்துட்டா? அடையாளத்துக்குப் போட்டன். அன்னிக்கு சாமிலுக்கு வந்ததும் வெட்டு இருக்குதான்னு பாக்கத்தான்."

"என்னயா சந்தேகப்பட்டீங்க?"

"பால் சங்கத்துல இருந்தவருன்னு சொன்னாங்க. நாங்களும் சங்கத்துக்குப் பால் ஊத்துனவங்கதான். சோதிக்கற ஆளுங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதுங்களா?"

அந்த நிமிஷம் எனக்குள் நடந்ததை உனக்கு எப்படிச் சொல்வது? நிச்சயம் பேசிய நாளிலிருந்து அந்த மனிதரிடம் எனக்கு ஒட்டாமல் இருந்ததெல்லாம் — சிரித்த முகம், கேட்டவுடன் கொடுத்த கை — ஒரே நொடியில் சரியாகிவிட்டது. என்னை நம்பாமல், கோடாலி எடுத்து, அடையாளம் போட்டு, அதை மறைக்கத் தாரும் பூசியிருக்கிறார். அந்த அடையாளத்தைப் பார்ப்பதற்காக மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். இப்படிப்பட்டவர் வீட்டில் பெண் எடுக்க ஒரு தகப்பன் யோசிக்க வேண்டியதே இல்லை.

சுகன்யா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள். பொங்கல் லீவு முடிந்து கிளம்பத் தயாராக இருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, "ஸ்க்ரூடிரைவர் கொண்டாந்தீங்களா மாமா?" என்றாள். இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சட்டைப் பையில் அது தெரிந்துகொண்டிருந்தது. வாங்கி, துண்டின் நடுவில் ஓங்கிக் குத்தினாள். 'டக்' என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் 'டக்'. பொடிந்த மூலைக்கு வெகு அருகில் வந்த பிறகுதான் முனை இறங்கியது.

"எங்க லேபுல ரத்தம் எடுத்தா, ஒரு ரிசல்ட் தப்பா வந்துச்சுன்னா உடனே பேஷண்ட்டக் கூப்புட்டுப் பயமுறுத்த மாட்டம் மாமா. இன்னொருக்கா எடுப்பம். நீங்க அன்னிக்கு மெத்துன்னு இருந்த எடத்துலயே திரும்பத் திரும்பக் குத்தியிருக்கீங்க."

"நல்ல எடத்துல எதுக்கும்மா குத்தணும்?"

"எவ்வளவு நல்லதுன்னு தெரிய வேணாமா?"

அந்தப் பெண் ரத்தத்தையே நம்பாமல் இரண்டு தடவை சோதிக்கிறவள். நீ சம்பளத்தை எங்கே வைக்கிறாய், யாருடன் போனில் பேசுகிறாய் என்பதெல்லாம் இனி என் கவலை இல்லை. காபியைக் குடித்தேன். பால் திக்காக இருந்தது. அதை மட்டும் குறிப்பாக எழுதுகிறேன்.

கிளம்பும்போது முனிரத்தினம் சொன்னார்: "பங்குனி முகூர்த்தம் அப்படியே இருக்கட்டுங்க. ஆனா மேச செய்யறப்ப நானும் வந்து நிப்பன். நம்பிக்க இல்லாம இல்லீங்க."

"நம்பிக்க இருக்கவே வேணாங்க. வந்து நில்லுங்க" என்றேன்.

அந்த மரத் துண்டை அவர் திருப்பித் தரவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்" என்று எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். மேசை முடிந்ததும் கொண்டுவந்து, கோடு கோட்டோடு சேருகிறதா என்று பொருத்திப் பார்க்கப் போகிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கல்யாணத்துக்குள் மேசை வராது. மரம் காய வருஷம் ஆகும். அதுவரை பாயில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நான் வந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம், கடிதத்தில் நானே எழுதுகிறேன் என்று சுகன்யாவிடம் கேட்டுக்கொண்டேன். "சொல்ல மாட்டன் மாமா" என்றாள். பஸ் தர்மபுரி வருவதற்குள் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் உனக்கு எல்லாம் தெரிந்தும் நீ இன்னும் போனை எடுக்கவில்லை. அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

ஒப்புகை அட்டையில் நீயே கையெழுத்துப் போடு. ரூமில் கூட இருக்கிற பையனைப் போடச் சொல்லாதே. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். பலகைகளை அவ்வப்போது மேல் கீழாக மாற்றி அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமே காயும். பலகை கனம். போன தடவை மறுமுனையைப் பிடித்த உன் அம்மாவுக்கு இப்போது இடுப்பு வலிக்கிறதாம். வலி உண்மைதானா என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்கு நீ வருவாயா என்று போனில் அவள் உன்னைக் கேட்டபோது நன்றாக நிமிர்ந்துதான் நின்றாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். நீ என்ன சொன்னாய் என்பது மட்டும் கேட்கவில்லை.